முதலில் ஒலிப்பது அம்மாவின் தொலைபேசி

அமெரிக்காவில் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். தாய், தந்தை இருவரும் உள்ள ஒரு குடும்பம் பிள்ளைக்குப் பள்ளி தேடுவதுபோல், ஆயிரக்கணக்கான பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். இருவருடைய தொலைபேசி எண்ணும் அதில் இருந்தது. ‘எங்களில் ஒருவரை அழைத்துப் பேச முடியுமா?’ என்பதுதான் கோரிக்கை. தந்தைக்குப் போன அழைப்புகளைப்போல் 1.4 மடங்கு அழைப்புகள் தாய்க்குப் போயின. தந்தைக்குத்தான் நேரம் இருக்கிறது என்று கடிதத்திலேயே எழுதியபோதும் ஒரு பங்கு அழைப்புகள் தாயைத் தேடியே போயின.

ஓர் அழைப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற செய்தியும், நாளை பள்ளி அரை நாள்தான் என்ற அறிவிப்பும், தடுப்பூசித் தேதி தவறிவிட்டது என்ற நினைவூட்டலும் ஒரே எண்ணுக்கு வந்துகொண்டே இருந்தால், அந்த எண்ணுக்கு உரியவர் பிற்பகல் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போகிறவராக ஆகிவிடுகிறார். நான்காவது முறை எழுந்து போன பிறகு, அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைக்காமல் விடுகிறார்கள்; அதற்கு அனுசரணை என்று பெயர். அடுத்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்கும் அடுத்த ஆண்டு ராஜினாமாக் கடிதம். காரணம் கேட்கும் இடத்தில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதியிருக்கும்.

இந்த இரண்டு சொற்களைப்போல் வசதியான சொற்கள் அலுவலக மொழியில் வேறு இல்லை. நிறுவனம் தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் உள்ளவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. எழுதியவருக்கும் அதில் ஒரு மரியாதை மிஞ்சுகிறது. தள்ளப்பட்டேன் என்று சொல்வதைவிட முடிவெடுத்தேன் என்று சொல்வது யாருக்கும் எளிது. பலர் உண்மையிலேயே விரும்பித்தான் விலகுகிறார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்த விலகல்களை மொத்தமாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு வீட்டின் சொந்தக் காரணமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அப்படியானால் அது எப்படிச் சொந்தக் காரணமாகும்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வீட்டில் யாரையாவது பராமரிக்க வேண்டியிருப்பதால் வேலைச் சந்தைக்கு வெளியே நிற்கும் பெண்கள் உலகம் முழுவதும் 70.8 கோடி. இதே காரணத்தால் வெளியே நிற்கும் ஆண்கள் 4 கோடி. இத்தனை கோடிப் பேரும் தனித்தனியே, ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே ‘சொந்த’ முடிவுக்கு வந்தார்கள் என்று நம்புவது கடினம்.

ஒரு காலத்தில் இதற்கு வெளிப்படையான விதியே இருந்தது. திருமணமான பெண் அரசு வேலையில் நீடிக்கக் கூடாது என்ற தடை ஆஸ்திரேலியாவில் 1966 வரையும், அயர்லாந்தில் 1973 வரையும் நடப்பில் இருந்தது. திறமையோடு வேலை செய்துவந்த பெண், திருமணப் பத்திரிகையோடு விலகல் கடிதத்தையும் கொடுக்க வேண்டும். இன்று அந்த விதிகள் இல்லை. ஆனால் அந்த விதிகள் இருந்த காலத்தில் வடிவமைக்கப்பட்ட வேலை நாள் அப்படியே இருக்கிறது. காலையில் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்பி, இடையில் வீட்டைப் பற்றி ஒரு கணமும் நினைக்கத் தேவையில்லாத ஊழியருக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை அது. வீட்டில் இன்னொருவர் முழுநேரமும் இருக்கிறார் என்பது அந்த வேலை நாளின் எழுதப்படாத முன்நிபந்தனை. இன்று இருவருமே அந்தச் சட்டையை அணிந்துகொண்டு கிளம்புகிறார்கள்.

வரைகோடு உடையும் இடம்

கணவன், மனைவி இருவருடைய வருமானத்தையும் ஆண்டுவாரியாக வரைபடத்தில் இட்டால் என்ன தெரியும்? பொருளியலாளர் ஹென்ரிக் கிளெவனும் அவருடைய சகாக்களும் டென்மார்க்கின் அரசுப் பதிவேடுகளைக் கொண்டு இதைச் செய்து, 2019இல் வெளியிட்டார்கள். முதல் குழந்தை பிறக்கும்வரை இரண்டு கோடுகளும் ஏறத்தாழச் சேர்ந்தே போகின்றன. பிறந்த ஆண்டில் தாயின் கோடு செங்குத்தாக விழுகிறது. தந்தையின் கோட்டில் ஒரு நெளிவுகூட இல்லை. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் தாயின் வருமானம் தந்தையைவிடச் சுமார் 20% பின்தங்கியே இருக்கிறது. சம்பளத்தோடு நீண்ட விடுப்பும், அரசு மானியத்தில் காப்பகமும் கிடைக்கும் நாட்டிலேயே இந்த நிலை.

‘பெற்றெடுக்கிற உடம்பு அவளுடையது, அதனால் வரும் இழப்பு’ என்று சொல்லத் தோன்றும். அதே குழு தத்தெடுத்த பெற்றோரின் கணக்கையும் எடுத்துப் பார்த்தது. கர்ப்பமும் பிரசவமும் இல்லாத அந்தத் தாய்மாருக்கும் நீண்ட கால இழப்பு ஏறக்குறைய அதே அளவுதான். ஆக, உடம்பு முதல் சில மாதங்களின் காரணமாக இருக்கலாம்; இருபது ஆண்டுகளின் காரணம் அதுவல்ல.

பிறகு எது? 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. சில வேலைகளை அவர் பேராசை பிடித்த வேலைகள் என்கிறார். இருமடங்கு நேரம் கொடுத்தால் இருமடங்கு அல்ல, அதற்கும் மேலாகப் பணம் தரும் வேலைகள் அவை. நள்ளிரவில் அழைத்தால் எடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற வேண்டும், வாடிக்கையாளர் கேட்ட நொடியில் பதில் போக வேண்டும். அப்படி இருப்பவருக்கே பெரிய சம்பளமும் பெரிய நாற்காலியும். வீட்டில் குழந்தை இருந்தால் பெற்றோரில் ஒருவராவது வீட்டின் அழைப்புக்கு எந்நேரமும் கிடைக்க வேண்டும். இருவருமே வீட்டுக்குப் பாதி, அலுவலகத்துக்குப் பாதி என்று பகிர்ந்துகொள்ளலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் அந்தப் பெரிய சம்பளம் இருவருக்குமே கிடைக்காது. ஒருவர் அலுவலகத்துக்கு முழுதாகவும் மற்றவர் வீட்டுக்கு முழுதாகவும் போனால் குடும்பத்தின் மொத்த வருமானம் கூடுகிறது. யார் எந்தப் பக்கம் போவது என்று வரும்போது பழைய வழக்கம் விடை சொல்லிவிடுகிறது. இதில் வில்லன் யாருமில்லை. அதனால்தான் சண்டை போடவும் யாரும் கிடைப்பதில்லை.

கோல்டின், மரியான் பெர்ட்ராண்ட், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் படித்து வெளியேறியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது இதைத்தான் கண்டார்கள். வேலையில் சேரும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இடைவெளி பெரிதாகிவிடுகிறது. அதற்கான காரணங்களில் பெரும்பங்கு, குழந்தை பிறந்த பிறகு பெண்கள் எடுத்த இடைவெளிகளும் குறைத்துக்கொண்ட வேலை நேரமும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் மருந்தாளுநர் தொழில். முன்பு அமெரிக்காவில் மருந்துக்கடைக்காரர் என்றால் கடையின் முதலாளியும் அவரே. கடை திறக்கும்போதும் மூடும்போதும் அவர் இருந்தாக வேண்டும். பிறகு பெரிய கடைத் தொடர்கள் வந்தன, மருந்துகள் ஆலையிலிருந்தே அளவாக வந்து இறங்கின, நோயாளியின் விவரங்கள் கணினிக்குப் போயின. ஒரு மருந்தாளுநர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிந்தது. விளைவு, பகுதிநேரம் வேலை செய்பவருக்கும் மணிக்கணக்கில் பார்த்தால் சம்பளம் குறையவில்லை. பெண்கள் அந்தத் தொழிலில் நிலைத்தார்கள். யாருடைய மனமும் திருந்தியதால் வந்த மாற்றமல்ல இது. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நிற்க முடியும் என்ற ஏற்பாட்டால் வந்தது. ‘எங்கள் வேலை அப்படிப் பிரித்துக் கொடுக்கக்கூடியதல்ல’ என்று சொல்லும் மேலாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மருந்துக்கடைதான் நினைவுக்கு வரும். அங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

‘உன் விருப்பம்’

சமூகவியலாளர் பமேலா ஸ்டோன், உயர் பதவிகளில் இருந்து விலகி வீட்டில் இருந்த 54 அமெரிக்கப் பெண்களிடம் நீண்ட நேர்காணல் செய்து, 2007இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பேச்சு கிளம்பியிருந்தது: படித்த பெண்கள் தாமாகவே விரும்பி வீட்டுக்குத் திரும்புகிறார்கள், இது ஒரு புரட்சி என்று. ஸ்டோனிடம் பேசியவர்களும் ‘இது என் தேர்வு’ என்றே தொடங்கினார்கள். பேச்சு நீள நீள வேறு கதை வந்தது. பகுதிநேரம் கேட்டோம், மறுத்தார்கள். கொடுத்தவர்களும் வேலையைக் குறைக்கவில்லை, சம்பளத்தை மட்டும் குறைத்தார்கள். விடுப்பு முடிந்து வந்தபோது நம் பொறுப்பில் வேறொருவர் இருந்தார். கணவரின் வேலை நேரம் பேச்சுவார்த்தைக்கே வரவில்லை.

கணவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் அந்த ஆய்வில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த இடம். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள், மனைவியை மதிப்பவர்கள். அவர்கள் சொன்னது ‘உன் விருப்பம்.’ கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது! ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. உன் விருப்பம் என்றால் பிரச்சினை உன்னுடையது, தீர்வும் உன்னுடையது, என் வேலை நேரம் இந்தப் பேச்சில் இல்லை. ‘நீ வேலைக்குப் போகக் கூடாது’ என்று சொல்லும் கணவனோடு வாதாடலாம். ‘உன் விருப்பம்’ என்று சொல்பவனோடு எதை வைத்து வாதாடுவது?

வீட்டில் கணவன் உதவுவதில்லையா? உதவுகிறார்கள், முன்பைவிட நிறையவே. ஆனால் வேலைகளுக்குப் பின்னால் இன்னொரு வேலை இருக்கிறது. ஆலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் அதை நான்காகப் பிரித்துக் காட்டினார்: வரப்போவதை முன்கூட்டியே கவனிப்பது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் தம்பதியர் இருவரும் ஓரளவு சமமாகப் பங்கெடுத்தார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்ணின் தலையில் இருந்தன. பிள்ளையின் காலணி அடுத்த மாதம் பத்தாது என்பதை யார் முதலில் கவனிக்கிறார் என்பதே கேள்வி. காலணி வாங்கும் கடையில் இருவரும் நிற்பார்கள்; அதற்கு முன்னால் இருந்த மூன்று வாரக் கவனம் யார் கண்ணிலும் படாது. அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும்போதும் அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. களைப்பாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லும்போது, ‘நான்தான் பாத்திரம் கழுவிவிட்டேனே’ என்று கணவர் உண்மையாகவே திகைக்கிறார்.

அலுவலகத்தின் பங்கு

2007இல் ஷெல்லி கொரெலும் சகாக்களும் செய்த சோதனை இத்துறையில் பலமுறை மேற்கோள் காட்டப்படுவது. ஒரே தகுதியுள்ள இரண்டு விண்ணப்பங்கள். ஒன்றில் மட்டும் விண்ணப்பதாரர் ஒரு தாய் என்பது தெரியும்படி ஒரு வரி. தாயைத் திறமை குறைந்தவராகவும் ஈடுபாடு குறைந்தவராகவும் மதிப்பிட்டார்கள். பரிந்துரைத்த தொடக்கச் சம்பளமும் ஆண்டுக்குச் சுமார் 11,000 டாலர் குறைவு. உண்மையான நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியபோது, குழந்தை இல்லாத பெண்களுக்கு வந்த அழைப்புகள் தாய்மாருக்கு வந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். தந்தை என்று தெரிந்த ஆண்களுக்கு இந்தத் தண்டனை இல்லை. பிள்ளை பிறந்ததும் ஆண் ‘பொறுப்பானவன்’ ஆகிறான், பெண் ‘நம்ப முடியாதவள்’ ஆகிறாள்.

வெறுப்பால் நடப்பது குறைவு. கரிசனத்தால் நடப்பதே அதிகம். விடுப்பிலிருந்து திரும்பியவரிடம், ‘இப்போது உங்களுக்கு எதற்கு அந்தப் பயணமெல்லாம், இந்தச் சின்னப் பொறுப்பைப் பாருங்கள்’ என்பார் மேலாளர். கேட்டுச் செய்திருந்தால் அது உதவி. கேட்காமல் செய்ததால், ஆறு மாதத்தில் அந்தப் பெண் தன் துறையின் முக்கியமான பேச்சுகளுக்கு வெளியே நிற்கிறார். சுவாரசியமான வேலையைத் தூக்கிவிட்டு சலிப்பான வேலையைக் கொடுத்தால், அதற்காகக் குழந்தையை விட்டுவிட்டு வர யாருக்குத் தோன்றும்? தாய்மையால் ஆர்வம் போய்விட்டது என்று பிறகு பேசிக்கொள்வார்கள்.

விடுப்பின் கணக்கும் சரியாக உட்காருவதில்லை. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மகப்பேறு விடுப்பு குறைந்தது 14 வாரம் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை. ஆறு மாதம் என்பது 26 வாரம். நடுவில் உள்ள 12 வாரத்தை அந்தப் பெண் எப்படியோ சமாளித்துக்கொள்ள வேண்டும். பால் சுரந்து சட்டை நனைய, கதவு தாழிடாத அறை தேடி அலைந்தவர்களுக்கு அந்த 12 வாரம் என்னவென்று தெரியும். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவதோ 12 வாரச் சம்பளமில்லா விடுப்பு. அதுவும் எல்லாருக்கும் இல்லை.

பேசப்படாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. இதுவரை சொன்ன ஆய்வுகளில் பல, பெரிய படிப்பும் பதவியும் உள்ளவர்களைப் பற்றியவை. கடையில், ஆலையில், துப்புரவுப் பணியில் இருக்கும் தாய்க்கு ‘விடலாமா’ என்ற கேள்வியே பல நேரம் வருவதில்லை. அடுத்த நாள் எந்த நேரப் பணி என்று முந்தைய இரவுதான் தெரிகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத மூன்றாவது நாளில் வேலை போய்விடுகிறது. சில வாரங்களில் வேறொரு இடத்தில் கீழிருந்து தொடங்குகிறார். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு விலகல் என்பது நினைத்துப் பார்க்கவே முடியாத ஆடம்பரம். விலகலாமா என்று யோசிக்க முடிவதே ஒரு வசதிதான்.

குற்ற உணர்ச்சி என்ற எடைக்கல்

முடிவெடுக்கும் தராசில் யாரும் வைக்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் எடைக்கல் ஒன்று உண்டு: நான் வேலைக்குப் போவதால் என் பிள்ளை கெட்டுப்போகிறதோ என்ற பயம். ஜெர்மன் மொழியில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயைக் காக்கைத் தாய் என்று இழித்துச் சொல்ல ஒரு தனிச் சொல்லே இருக்கிறது. அதே வேலையைச் செய்யும் தந்தைக்கு அப்படியொரு பறவை பரவலான பேச்சில் இல்லை.

29 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து கேத்லீன் மெக்கின் முதலானோர் ஆராய்ந்தபோது, வேலைக்குப் போன தாய்மாரின் மகள்கள் பிற்காலத்தில் வேலையில் இருப்பதற்கும் பொறுப்பான பதவி வகிப்பதற்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மகன்கள் குடும்பத்தைப் பராமரிப்பதில் கூடுதல் நேரம் செலவிட்டார்கள். வளர்ந்த பிறகு மகிழ்ச்சியின் அளவில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது நேர்மையல்ல. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளொன்றுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகத்தைக் கொண்டுவந்தது. தாய்மாரின் வேலைவாய்ப்பு தெளிவாக உயர்ந்தது. ஆனால் தொடக்க ஆண்டுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் சில குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருந்ததையும் பதிவு செய்தார்கள். அவசரமாகப் பெருக்கிய இடங்களில் பராமரிப்பின் தரம் பின்தங்கியதை இதற்கொரு காரணமாகச் சொல்வதுண்டு. எனவே அம்மா வேலைக்குப் போகிறாரா இல்லையா என்ற கேள்வியைவிட, அந்த நேரத்தில் பிள்ளை யாரிடம், எப்படி இருக்கிறது என்பதே கவலைப்பட வேண்டிய கேள்வி. காப்பகத்தில் பத்துக் குழந்தைக்கு ஒரே ஆள் என்றால், அந்தக் கவலையைக் குற்ற உணர்ச்சி என்று ஒதுக்கக் கூடாது. அது நியாயமான கவலை.

காகிதமும் பேனாவும்

விடுவதா, இருப்பதா என்ற இடத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் போடும் கணக்கு இது. சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். காப்பகத்துக்கு 70, போக்குவரத்து முதலிய செலவுக்கு 15. மிச்சம் 15. ‘இந்தப் பதினைந்துக்காகவா இத்தனை ஓட்டம்?’

கணக்கில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. காப்பகச் செலவை ஏன் அவருடைய சம்பளத்தில் மட்டும் கழிக்க வேண்டும்? பிள்ளை இருவருடையது. கணவரின் சம்பளம் 120 என்றால் வீட்டு வருமானம் 220. அதில் 85 செலவு. கனமான செலவுதான், ஆனால் ‘அவள் உழைப்பு வீண்’ என்ற தோற்றம் மறைந்துவிடுகிறது. இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. அந்தப் பதினைந்து இந்த ஆண்டின் மிச்சம். ஆண்டுக்கு 6% உயர்வு கிடைத்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்தச் சம்பளம் சுமார் 134. பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது காப்பகச் செலவும் பெரும்பாலும் குறைகிறது. ஐந்து ஆண்டு வெளியே இருந்துவிட்டு வருபவர் பழைய 100க்கே சேர்ந்தாலும் அதிர்ஷ்டசாலி. அந்த 34இன் பள்ளம் அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் கூடவே வரும். ஓய்வுக்காலச் சேமிப்பில் அதன் நிழல் இன்னும் நீளம்.

அமெரிக்காவில் உயர் கல்வி பெற்ற பெண்களைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வு ஒன்று, வெளியே போனவர்கள் சராசரியாக 2.2 ஆண்டே வெளியே இருந்தார்கள் என்றும், அதற்குள் சம்பாதிக்கும் திறனில் 18% இழந்தார்கள் என்றும் சொன்னது. மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆனால் இழப்பு 37%. இன்னொரு கசப்பான செய்தி, 2018இல் கேத்தரின் வைஸ்ஷார் வெளியிட்டது. வேலையில் இருக்கும் தாய், வேலை போய்விட்ட தாய், பிள்ளைக்காக வேலையை விட்ட தாய் என்று மூன்று வகை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். முதல் வகையில் 15.3% பேருக்கும், இரண்டாம் வகையில் 9.7% பேருக்கும், மூன்றாம் வகையில் 4.9% பேருக்கும் அழைப்பு வந்தது. ஒரே நீளமுள்ள இடைவெளிதான். ஆட்குறைப்பில் வேலை போனவரைவிடக் குடும்பத்துக்காக விட்டவரை நிறுவனங்கள் பாதி அளவே விரும்பின.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. சம்பளம் ஏறவே ஏறாத வேலை, கற்றுக்கொள்ள எதுவும் இல்லாத வேலை, உடம்பையோ மனத்தையோ அரிக்கும் மேலாளர் என்றால் ஐந்தாம் ஆண்டின் 134 வெறும் கற்பனை. தொடர்ந்த கவனிப்பு தேவைப்படும் உடல்நிலை பிள்ளைக்கு இருந்தால், கணக்குப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியதுதான். பிள்ளையோடு இந்த ஆண்டுகளைக் கழிக்க வேண்டும் என்ற ஆசையும் முழுமையான காரணம்தான். அதற்கு யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. அதன் விலை என்ன என்பது தெரிந்து, அந்த விலையை இருவரும் சேர்ந்து கொடுக்கிறார்களா என்பது மட்டுமே கேள்வி.

‘விடலாமா?’ என்பதற்கு முன்னால் ‘எதை விட நினைக்கிறேன்?’ என்று கேட்டுப் பார்ப்பது பயன் தரும். தொழிலையா, இந்த நிறுவனத்தையா, இந்த மேலாளரையா, ஒன்றரை மணி நேரப் பயணத்தையா, இந்தக் குறிப்பிட்ட ஆண்டையா? நான் பேசிப் பார்த்தவரை, தொழிலையே விட நினைத்தவர்கள் மிகக் குறைவு. பயணத்தைத்தான் வெறுக்கிறார் என்றால் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்பது ராஜினாமாவைவிடச் சிறிய கோரிக்கை. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நெகிழ்வான நேரம் கேட்கும் உரிமை உண்டு. ஜெர்மனியில் 2019இல் வந்த சட்டம் இன்னும் கூர்மையானது: 45 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில், ஓர் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுவரை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு பழைய நேரத்துக்குத் திரும்பலாம். பகுதிநேரத்தின் ஆபத்து திரும்பி வர வழி இல்லாததே என்பதை அந்தச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்: எந்தப் பொறுப்புகள் குறையும், எந்தத் தேதியில் பழைய நிலைக்குத் திரும்புவேன் என்று. வேலை குறையாமல் சம்பளம் மட்டும் குறையும் ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போடுவதைவிட முழுநேரத்திலேயே இருந்துவிடலாம்.

எப்போது முடிவெடுப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. காப்பகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும், பிறகு குறையும். அந்த ஆண்டின் நடுவில் நின்று பார்த்தால் இனி வாழ்நாள் முழுதும் இப்படித்தான் என்று தோன்றும். பிரசவத்துக்குப் பிறகு சுமார் 13% பெண்களுக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தூக்கமில்லாமல், காரணமின்றி அழுகை வரும் நாட்களில் எல்லாக் கதவும் மூடியதுபோலத்தான் தெரியும். அப்போது முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவர். மனிதவள அதிகாரி அல்ல. சம்பளமில்லா விடுப்பு மூன்று மாதம் கிடைத்தால், அது ராஜினாமாவின் ஒத்திகையாகவும் இருக்கும். மூன்று மாதம் வீட்டில் இருந்து பார்த்த பிறகு இன்னும் உறுதியாக விலகியவர்களும் உண்டு, அலுவலகத்தை நினைத்து ஏங்கித் திரும்பியவர்களும் உண்டு.

எல்லாம் யோசித்து விலகுவதென்றே முடிவானால், விலகும் விதத்தில் கொஞ்சம் தந்திரம் வேண்டும். ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதாமல், நேரம் குறைத்துக் கேட்டதையும் கிடைக்காததையும் இரண்டு வரியில் எழுதிவைக்கலாம். அடுத்து வருபவருக்காவது உதவும். மாதத்துக்குச் சில மணி நேரமாவது தொழிலோடு ஒட்டியிருக்கும் ஏதாவது வேலை, புதுப்பித்துக்கொண்டே இருக்கும் உரிமம், இரண்டு மூன்று பழைய சகாக்களோடு நிற்காத பேச்சு. வைஸ்ஷாரின் அந்த 4.9 என்ற எண்ணை முழுதாகத் தோற்கடிக்க இவை போதாது, ஆனால் விண்ணப்பத்தில் வெறுமையாக நிற்கும் ஆண்டுகள் குறையும்.

வீட்டுக்குள்ளும் எழுத வேண்டியது இருக்கிறது. சம்பளம் நிற்கும் மாதத்திலிருந்து அவர் பெயரில் எவ்வளவு சேமிப்பு போகும்? காப்பீடு யார் பெயரில் தொடரும்? எந்தத் தேதியில் இருவரும் மறுபடி உட்கார்ந்து இதே பேச்சைப் பேசுவார்கள்? தேதி இல்லாத இடைவெளி ஓர் ஆண்டிலிருந்து ஏழு ஆண்டாக நீள்வதை யாரும் திட்டமிடுவதில்லை, அது தானாக நடக்கிறது. இருப்பதென்று முடிவானாலும் இதே காகிதம் தேவைப்படும்: காய்ச்சல் நாட்களில் முதல் நாள் யார் விடுப்பு, இரண்டாம் நாள் யார். பள்ளிப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் அப்பாவின் எண்ணை எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் எத்தனை அழைப்பு எங்கே வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.